இரண்டு ஆறுகளுக்கு நடுவே: கொள்ளிடப் படுகைக் கத்தோலிக்கர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறைக்கும் மாதா திருவிழாவுக்கும் ஊருக்கு வருகிற எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சென்னையில் பிறந்தவர்களுக்கும் துபாயில் வளர்ந்தவர்களுக்கும் ‘நாம எப்படி வேதத்துக்கு வந்தோம்?’ என்று தெரிந்துகொள்ள ஆசை. வேதம் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ மதம். என் தாத்தா உபதேசியாராக, அதாவது குருவுக்குத் துணையாக ஊரில் வேதம் சொல்லிக்கொடுப்பவராக இருந்தவர். அவர் சொல்லிக் கேட்டதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். வாய்வழியாக வந்ததை ‘சொல்வார்கள்’ என்றே குறித்திருக்கிறேன்.

இது எந்தப் பகுதி? தீவு என்று ஏன் சொல்கிறீர்கள்?

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றி வந்து கல்லணைப் பக்கத்தில் தொட்டுவிடுகிற மாதிரி நெருங்கி, மறுபடி விலகுகின்றன. அங்கிருந்து கிழக்கே போனால் வடக்கில் கொள்ளிடம், தெற்கில் காவிரி, நடுவில் நீளமாக ஒரு நிலம். திருக்காட்டுப்பள்ளி, பூண்டி வட்டாரத்துப் படுகை ஊர்கள் இதில்தான் இருக்கின்றன. வாழையும் கரும்பும் விளைகிற வண்டல் மண்.

ஆற்றுக்கு நடுவில் இருக்கிற நிலத்துக்குத் தமிழில் அரங்கம் என்று பெயர், துருத்தி என்றும் பெயர். ஸ்ரீரங்கத்தின் ‘அரங்கம்’ அதுதான். பக்கத்தில் இருக்கிற திருப்பூந்துருத்தியின் ‘துருத்தி’யும் அதுதான். கடலுக்கு நடுவில் இருக்கிற தீவு மாதிரி இல்லை. கோடையில் கொள்ளிடத்தை மணலில் நடந்தே கடக்கலாம். ஆனால் மேலே அணை திறந்து தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடும்போது படுகையில் நின்று பாருங்கள், தீவுதான் என்று நீங்களே சொல்வீர்கள்.

கத்தோலிக்க வேதம் இங்கே எப்போது வந்தது?

இரண்டு வழியாக வந்தது. ஒன்று கடல் வழி. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நாகப்பட்டினத்தில் குடியேறினார்கள். பிரான்சிஸ்கன் சபைக் குருக்கள் அங்கே இருந்தார்கள். வேளாங்கண்ணியும் முதலில் நாகப்பட்டினத்துக் குருக்களின் கவனிப்பில்தான் இருந்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள்.

இன்னொன்று ஆற்று வழி. எங்கள் பக்கத்துக்கு அதுவே முக்கியம். 1606-இல் யேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து, துறவி போல உடுத்தி, தமிழிலேயே வேதம் சொல்லத் தொடங்கினார். அந்த மதுரை மிஷன் திருச்சிக்கும், பிறகு ஆற்றோடு இறங்கித் தஞ்சாவூர்ச் சீமைக்கும் பரவியது. 1640-இல் பல்தசார் த கோஸ்தா ‘பண்டாரசாமி’ முறையை, அதாவது குருக்கள் பண்டாரம் போல உடுத்திப் போகிற முறையைத் தொடங்கினார். சந்நியாசி வேடத்தில் இருந்த குருக்கள் உயர்சாதி என்று சொல்லப்பட்டவர்களோடு மட்டும் பழகவேண்டியிருந்தது. பண்டாரசாமிகளால் எல்லாரிடமும் போக முடிந்தது. உழுகிறவர், நெய்கிறவர், கூலி வேலை செய்கிறவர் வீட்டுக்கெல்லாம் வேதம் வந்தது இவர்கள் வழியாகத்தான். 1693-இல் ஓரியூரில் வெட்டுப்பட்டு இறந்த அருளானந்தரும் ஒரு பண்டாரசாமியே. கும்பகோணம் பக்கத்துத் தத்துவாஞ்சேரியில் அவர் ஊழியம் செய்திருக்கிறார்.

எங்கள் பாட்டி ‘நாம அக்கரைக்குப் போயிட்டு வந்த சனம்’ என்பார். அப்படியென்றால்?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். நம் வரலாற்றின் நடுப்புள்ளியே இதுதான்.

இன்றைக்குக் கொள்ளிடம் மாவட்ட எல்லை. அன்றைக்கு அது அரசுகளின் எல்லை. தென்கரையில் தஞ்சாவூர் மராத்திய அரசு. வடகரையில் அரியலூர் மழவராயர், உடையார்பாளையத்தார் ஆகிய பாளையக்காரர்கள். தஞ்சாவூர் ராஜாவின் சேவகன் துரத்திக்கொண்டு வந்தாலும், ஆற்றைத் தாண்டிவிட்டால் அவன் கை எட்டாது.

1701-இல் சாகஜி ராஜா காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையில் வேதக்காரர்கள் மேல் பெரிய கலாபனை வந்தது. கோயில்கள் இடிக்கப்பட்டன. வேதத்தை விடச் சொல்லிச் சனங்களை அடித்தார்கள், பிடித்து அடைத்தார்கள். யேசு சபைக் குரு ஒருவர் சிறையிலேயே இறந்துபோனார். அந்த மாதிரி நேரங்களில் சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கொள்ளிடம் தாண்டிப் போனவர்கள்தான் ‘அக்கரைக்குப் போன சனம்’. ஓடம் கிடைத்தவர்கள் ஓடத்தில் போனார்கள், கிடைக்காதவர்கள் தண்ணீர் குறைந்த துறை பார்த்து இறங்கினார்கள் என்று சொல்வார்கள்.

அக்கரையில் ஏலாக்குறிச்சி. அங்கே இருக்கிற மாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயர். வீரமாமுனிவர் அந்த ஊரைத் திருக்காவலூர் என்று பாடினார். அடைக்கலம், காவல் என்கிற இரண்டு சொல்லும் சும்மா அழகுக்கு வைத்ததல்ல. ஓடிவந்தவர்களுக்கு அந்த ஊர் உண்மையிலேயே அடைக்கலமாக இருந்தது. நம் பக்கத்தில் அடைக்கலம், அடைக்கலசாமி, அடைக்கலமேரி என்று பெயர் வைப்பதும் அந்த நினைப்பில்தான். அமளி அடங்கியபின் பலர் திரும்பி வந்து பழைய நிலத்தில் குடியேறினார்கள். சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் இக்கரையில் இருக்கிற குடும்பங்களுக்கு அக்கரையில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நடக்கிறதே, அந்த உறவின் வேர் இங்கே இருக்கிறது.

பூண்டி, ஏலாக்குறிச்சி கோயில்களை வீரமாமுனிவரா கட்டினார்?

அவருடைய இயற்பெயர் கொன்ஸ்தாந்தீனோ பெஸ்கி. 1680-இல் இத்தாலியில் பிறந்தார். 1711 வாக்கில் தமிழகம் வந்து, 1747-இல் மறைந்தார். ஏலாக்குறிச்சியில் அவர் பல வருடம் தங்கியிருந்தது உறுதி. திருக்காவலூர்க் கலம்பகம் அந்த மாதாவைப் பாடியதுதான். சூசையப்பர் வரலாற்றை 3,615 பாடல்களில் தேம்பாவணியாகப் பாடியவரும் அவரே. பூண்டிக் கோயிலை 1714-க்கும் 1718-க்கும் இடையில் அவர் எழுப்பினார் என்பது அந்தக் கோயிலின் மரபு. அரியலூர் அரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவை என்கிற கொடிய கட்டி மாதா அருளால் ஆறியது, அதற்கு நன்றியாக ஏலாக்குறிச்சிக்கு நிலம் எழுதிவைத்தார் என்றும் சொல்வார்கள்.

ஒன்று கவனியுங்கள். பூண்டி இக்கரை, ஏலாக்குறிச்சி அக்கரை. ஒரே ஆற்றின் இரண்டு கரையிலும் மாதாவை வைத்துக்கொண்டார்கள். பூண்டிக் கோயில் 1999-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. மே மாதத் திருவிழாவில் தேர் இழுக்கிறபோது வடம் பிடிக்கிறவர்களில் வேதக்காரர் எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர் என்று யாரும் பார்ப்பதில்லை.

குருக்களே வராத காலத்தில் வேதம் எப்படி நிலைத்தது?

உபதேசியார்களாலும் பெண்களாலும். குருக்கள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, இவர்கள் பெயர் பெரும்பாலும் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1759-இல் போர்த்துக்கல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து யேசு சபையை வெளியேற்றியது. 1773-இல் பாப்பரசரே சபையைக் கலைத்தார். இருந்த குருக்கள் ஒவ்வொருவராக வயதாகிப் போய்ச் சேர்ந்தார்கள். 1776-இல் பாரிஸ் அந்நிய வேதபோதக சபை புதுச்சேரியிலிருந்து பொறுப்பேற்றது, ஆனால் ஆள் போதவில்லை. யேசு சபைக் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1838-இல். நடுவில் ஏறக்குறைய மூன்று தலைமுறை. வருடத்துக்கு ஒரு முறை சாமியார் முகம் பார்த்தாலே பெரிது என்று இருந்த ஊர்கள் உண்டு.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது, சனங்களைக் கூட்டிச் செபம் சொன்னது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பித்தது, சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து மனஸ்தாப மந்திரம் சொல்லிக்கொடுத்தது, அடக்கம் நடத்தியது எல்லாம் உபதேசியார்தான். வீரமாமுனிவர் இவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார். வேதியர் என்றால் இங்கே உபதேசியார். மிஷன் யாரை நம்பி நின்றது என்பதற்கு அந்த நூலே சாட்சி.

மந்திரம் என்றதும் இளம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நம் பெரியவர்கள் செபத்தை அப்படித்தான் சொன்னார்கள்: பரலோக மந்திரம், விசுவாச மந்திரம். இன்றைக்கு ‘அருள் நிறைந்த மரியே’ என்று சொல்வதை என் பாட்டி கடைசி வரைக்கும் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்றுதான் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மந்திரமும் பிரார்த்தனையும் ஒரு எழுத்துப் பிசகாமல் வரும். அவருக்கு அவருடைய அத்தை சொல்லிக்கொடுத்தாராம்.

அப்புறம் மருத்துவச்சிகள். பிறந்த குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால் குருவுக்காகக் காத்திருக்க முடியாது. யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். ஊர் மருத்துவச்சிக்கு அந்த வார்த்தைகளை உபதேசியார் படிப்பித்து வைத்திருப்பார்.

‘கோவைச் சாமியார்’, ‘பிரெஞ்சுச் சாமியார்’ என்று ஊர் இரண்டுபட்டது உண்மையா?

உண்மைதான். இங்கே கோவை என்றால் கோயம்புத்தூர் அல்ல, கோவா. இந்தியாவில் ஆயர்களை நியமிக்கிற உரிமை பழங்காலம் தொட்டுப் போர்த்துக்கல் ராஜாவிடம் இருந்தது. பின்னாளில் ரோமாபுரி தானே நேரடியாக ஆட்களை அனுப்பியது. ‘பிரெஞ்சுச் சாமியார்’ என்றது அப்படி வந்தவர்களைத்தான். 1838-இல் பாப்பரசர் போர்த்துக்கல் உரிமையைப் பெருமளவு குறைத்தபோது, கோவாவிலிருந்து வந்த குருக்கள் அதை ஏற்கவில்லை. ஒரே ஊரில் இரண்டு கட்சி, சில இடங்களில் இரண்டு கோயில். ஒரு கட்சிச் சாமியார் வைத்த பூசைக்கு மறு கட்சிக்காரர் போகமாட்டார். சாவியை யார் வைத்திருப்பது என்று வழக்குமன்றம் வரை போனார்கள். 1886-இல் ரோமும் போர்த்துக்கல்லும் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறகே சூடு தணிந்தது.

தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிற பூண்டி ஏன் கும்பகோணம் மறைமாவட்டத்தில் இருக்கிறது?

மேலே சொன்ன சண்டையின் தழும்புதான். மறைமாவட்டம் என்றால் ஒரு ஆயரின் ஆளுகை, பங்கு என்றால் அதற்குள் ஒரு குருவின் பொறுப்பில் இருக்கிற வட்டாரம். 1886 ஒப்பந்தத்தில் தஞ்சைப் பகுதியின் கோவா கட்சிப் பங்குகள் எங்கோ தள்ளியிருக்கிற மயிலாப்பூர் மறைமாவட்டத்தோடு சேர்ந்தன. பிரெஞ்சுக் குருக்கள் பார்த்த வடபகுதிப் பங்குகள் புதுச்சேரியின் கீழ் இருந்து, 1899-இல் கும்பகோணம் மறைமாவட்டம் ஆயின. மயிலாப்பூரிலிருந்து பிரிந்து தஞ்சாவூர் மறைமாவட்டம் பிறந்தது 1952-இல். வேளாங்கண்ணி அதில் இருக்கிறது. பூண்டியும் ஏலாக்குறிச்சியும் கும்பகோணத்தில். வருவாய் வரைபடத்தை வைத்துப் பார்த்தால் குழப்பமாக இருக்கும்.

வேதத்துக்கு வந்தபின் சாதி போய்விட்டதா?

போகவில்லை. இதை மறைத்து எழுதினால் இந்தப் பக்கத்துக்கே மதிப்பில்லை.

கோயிலுக்குள் யார் எந்தப் பக்கம் உட்கார்வது, தேர் எந்தத் தெரு வரைக்கும் போவது, யாருடைய பிணம் எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது என்று எல்லாவற்றிலும் சாதி இருந்தது. உட்காரும் இடத்தில் இருந்த பிரிவு பெரும்பாலும் போய்விட்டது. கல்லறையில் இருக்கிற பிரிவு பல ஊர்களில் இன்னும் போகவில்லை. ஒரே நற்கருணை வாங்கியவர்களைச் செத்தபின் தனித்தனியாகப் புதைப்பது பாவம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஊர்க் கூட்டத்தில் இதைச் சொல்லியும் இருக்கிறேன்.

அரசு தரப்பிலும் ஒரு அநீதி இருக்கிறது. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு என்று வரையறுக்கப்பட்டது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆக, கோயிலுக்குள் சாதி பார்த்தார்கள், வெளியே சாதிச் சான்று கேட்டால் நீ கிறிஸ்தவன் என்றார்கள். நம் ஊர்ப் படுகையில் பாதிக்கு மேல் உழைத்தவர்கள் இந்த இரண்டு அடியையும் வாங்கியவர்கள்.

இராயப்பன், சின்னப்பன், சவரிமுத்து என்கிற பெயர்கள் எங்கிருந்து வந்தன?

சிலவற்றை மொழிபெயர்த்தார்கள், சிலவற்றை நாக்குக்கு ஏற்றபடி மாற்றினார்கள். பவுலுஸ் என்றால் சிறியவர், அதனால் சின்னப்பர். யோவான் என்பதில் இறைவனின் அருள் என்கிற பொருள் இருக்கிறது, அதனால் அருளப்பர். பேதுரு இராயப்பர். சவேரியார் சவரியாராகி, சவரிமுத்துவும் சவரியம்மாளும் வந்தார்கள். இஞ்ஞாசியார் இன்னாசி ஆனார். போர்த்துக்கீசியரின் சந்தியாகோ நமக்குச் சந்தியாகு. அலோசியுஸ் ஞானப்பிரகாசியார். லாசர் தேவசகாயம். வேளாங்கண்ணி நேர்ச்சைக்கு ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி.

பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவேடு லத்தீனில் இருந்தால் ‘பேத்ருஸ்’ என்று இருப்பவர் உங்கள் கொள்ளுத்தாத்தா இராயப்பனாகவே இருக்கலாம். ‘யொசேபுஸ்’ என்றால் சூசை. ‘பத்ரீனுஸ்’ என்று எழுதியிருந்தால் ஞானத்தகப்பன், ‘மத்ரீனா’ என்றால் ஞானத்தாய். குடும்பப் பெயர் இருக்காது, அப்பா பெயர்தான் இருக்கும். ஒரே ஊரில் நான்கு சவரிமுத்து மகன் சூசை இருப்பார்கள். அப்போது ஞானத்தகப்பன் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் மாமன் அல்லது பெரியப்பாவாக இருப்பார், அதை வைத்து நம் வீட்டு ஆளா என்று கண்டுபிடித்துவிடலாம்.

வெள்ளத்தில் என்ன ஆனது?

1924 ஜூலை வெள்ளத்தை எங்கள் பக்கத்தில் வயது சொல்லப் பயன்படுத்துவார்கள்: ‘பெருவெள்ளத்துக்கு முந்தி பொறந்தவர்’. 1977-இலும் 2005-இலும் 2018-இலும் கொள்ளிடம் பயமுறுத்தியது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். வெள்ளம் வந்தால் சனங்கள் முதலில் ஏறுவது கோயில் மேட்டில். எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று அப்போது கேட்பதில்லை. மாரியம்மன் கோயில் திண்ணையில் எங்கள் வீட்டார் படுத்திருக்கிறார்கள், எங்கள் கோயில் மண்டபத்தில் அவர்கள் வீட்டு மாடு கட்டியிருந்திருக்கிறது.

தவக்காலப் புலம்பல், பாஸ்கா எல்லாம் இன்னும் நடக்கிறதா?

பாஸ்கா, அதாவது இயேசுவின் பாடுகளை நடிக்கிற நாடகம், நடக்கிறது. கூத்துப் பாணியில் இருந்தது இப்போது ஒலிநாடாவுக்கு வாயசைப்பதாக மாறிவிட்டது. எனக்கு அதில் வருத்தம். இயேசுவாக வேடம் கட்டுகிறவர் நாற்பது நாள் விரதம் இருந்து, தன் குரலில் பாடிய காலத்தில் ஊரே அழும்.

புலம்பல் அருகிவிட்டது. மாதா தன் மகனைப் பார்த்து அழுகிற பாட்டு, நம் பெண்கள் சாவு வீட்டில் பாடுகிற ஒப்பாரி ராகத்திலேயே இருக்கும். 1960-களில் லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்தது நல்லதுதான். அதோடு சர்வேசுரன், சம்மனசு, பூசை, மோட்சம் போய் இறைவன், வானதூதர், திருப்பலி, விண்ணகம் வந்தன. ஆனால் புதுப் பாட்டுப் புத்தகத்தில் புலம்பலுக்கு இடம் கிடைக்கவில்லை. பாடத் தெரிந்த பாட்டிகள் இன்னும் இரண்டு மூன்று பேர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கைபேசியிலாவது பதிவு செய்துவையுங்கள்.

என் குடும்ப வரலாற்றை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

முதலில் பங்கு அலுவலகம். பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று தனித்தனிப் பதிவேடுகள் இருக்கும். திருமணப் பதிவேட்டில் பெண்ணின் ஊர் இருக்கும், அங்கிருந்து அக்கரைப் பங்குக்குப் போகலாம். நம் ஊர் முன்னே கிளைப் பங்காக இருந்திருந்தால் பழைய பதிவு தாய்ப் பங்கில் கிடைக்கும். ஈரத்திலும் கரையானிலும் போன ஏடுகள் உண்டு. எங்கள் பங்கில் ஒன்று அப்படிப் போயிருக்கிறது.

பிறகு கல்லறைத் தோட்டம். சிலுவையில் பொறித்த பெயரையும் வருடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தோட்டம் இருந்தால் இரண்டுக்கும் போங்கள்.

மூன்றாவது, வீட்டுப் பரண். பழைய செபப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பிறந்த நாள், இறந்த நாள் எல்லாம் எழுதிவைக்கிற பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு. என் தாத்தாவின் புத்தகத்தில் அப்படிப் பதினோரு பெயர் இருக்கிறது. அதில் நான்கு குழந்தைகளின் பெயருக்குப் பக்கத்தில், ‘மருத்துவச்சி தண்ணீர் ஊத்தினது’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறார்.